காஸோ, கரண்டோ

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உங்கள் முழங்கால். வீக்கம் வற்றியதா? போன கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். இங்கே அம்மாவுக்குச் சுகம். அப்பாவுக்கும் சுகம்.

ஒரு செய்தி. நான் ஒரு கரவன் வாங்கியிருக்கிறேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகும் வீடு. பழையது. இல்-பிசாரில் ஒரு கியூபெக் கிழவர் தன் பின்வளவில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு எங்கும் போகவில்லையாம். சாவியைத் தந்தார். உள்ளே இருந்த இரண்டு கோப்பைகளையும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதில்தான் இப்போது இருக்கிறேன். கட்டில், மேசை, அடுப்பு. கையை நீட்டினால் எல்லாம் எட்டும். மடத்தில் உங்கள் அறையும் இவ்வளவுதானோ?

வியப்பு என்னவென்றால் குளிர்சாதனப் பெட்டி. அது காஸிலும் ஓடும், கரண்டிலும் ஓடும். ஒரு குமிழ். இந்தப் பக்கம் காஸ், அந்தப் பக்கம் கரண்ட். நெருப்பு எரிந்து எப்படி ஐஸ் உண்டாகிறது? நீங்கள் இரசாயனம் படித்தவர், சொல்லுங்கள்.

கரவனில் மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான். சமையலுக்கு, சூட்டுக்கு, எதற்கும் இரண்டு வழி. பனி வருவதற்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தெரிந்தவர் ஒருவருடைய வீட்டு முன்னால், கார் விடும் இடத்தில் நிறுத்தியிருக்கிறேன். நல்ல மனிதர். அதிகம் கதைக்கமாட்டார்.

என் மின்னஞ்சல்களை அச்செடுத்து உங்களிடம் சேர்க்கும் வெளிவாசல் சகோதரிக்கு வணக்கம் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
டினோஜன்


மடம், மலைநாடு
29 செப்டெம்பர் 2024

என் அன்புத் தம்பிக்கு,

முழங்கால் வற்றிவிட்டது. வெந்நீர் ஒத்தடம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கரவன் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

ஐஸ் விடயம். பெட்டியின் முதுகில் ஒரு குழாய்க்குள் அமோனியா தண்ணீரோடு கலந்திருக்கும். நெருப்பு அதைத் தண்ணீரிலிருந்து துரத்துகிறது. துரத்தப்பட்டது சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு வருகிறது. துரத்துவதற்குச் சூடு வேண்டும். அது காஸா, கரண்டா என்பது அமோனியாவுக்கு ஒரு பொருட்டே அல்ல.

நான்கு வருடமாக வாசலைத் தாண்டாத எனக்கு, சில்லு வைத்த வீட்டில் இருந்து எழுதுகிறாய். கேட்க எவ்வளவோ இருக்கிறது. மழை கூரையில் எப்படிக் கேட்கிறது? அடுப்பு எரியும்போது ஆடுமா? நெருப்பு நீலமா, மஞ்சளா? மஞ்சள் என்றால் காற்றுப் போதவில்லை, உடனே யன்னலைத் திற. நான் இப்போது குசினியில் வேலை. நெருப்பைப் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொல்கிறேன்.

அந்தத் தெரிந்தவர் யார்? மாதம் ஒரு கடிதம் எனக்கு அனுமதி. அதற்குள் இரண்டு தாள் வைக்கலாம். ஒன்று உனக்கு, ஒன்று அப்பாவுக்கு. அப்பா எழுதுவதே இல்லை. என் கடிதங்களை வாசிக்கிறாரா?

இங்கே எனக்கு வேறு பெயர். உனக்கு மட்டும் பழையது.

அக்கா
றொசானா


பியர்பொன்ட்ஸ்
13 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் போதாது. மருத்துவரிடம் காட்டுங்கள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். யாரோ ஒருவர் கறிச்சட்டி கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போகிறார்.

நெருப்பு நீலம். மழை, தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல். ஆடாது, நான்கு மூலையிலும் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கரண்ட் என்றால் இப்படி. வீட்டிலிருந்து செம்மஞ்சள் வயர் ஒன்று இழுக்க வேண்டும். ஒரு ஹீற்றர் போட்டால் வயர் தாங்கக்கூடியது அநேகமாக முடிந்துவிடும். கூடவே கேத்திலையும் போட்டால் வீட்டில் பிறேக்கர் விழும். வீட்டுக்காரர் நிலக்கீழ் அறைக்கு இறங்கி அதைத் தள்ள வேண்டும். மேலிருந்து மூன்றாவது. ஒருமுறையில் நிற்காது, பெருவிரலால் அமத்திப் பிடித்திருக்க வேண்டும். அதாவது, எனக்குத் தேநீர் வேண்டுமென்றால் ஒருவருடைய கதவைத் தட்ட வேண்டும்.

காஸ் என்றால் யாரையும் தட்ட வேண்டாம். முன்பக்கத்தில் இரண்டு சிலிண்டர், வாரால் கட்டியது. முடிந்தால் நிரப்பலாம். எங்கே போனாலும் கூடவே வரும். ஆனால் எரியும்போது காற்றைத் தின்னும், ஈரத்தைக் கக்கும். காலையில் யன்னல்கள் அழுதுகொண்டிருக்கும்.

காஸ் தனியாக இருப்பவனுக்கு. கரண்ட், பக்கத்தில் யாராவது இருப்பவனுக்கு. இப்படித்தான் எனக்குப் படுகிறது.

அப்பாவைக் கண்டேன். தூரத்திலிருந்து. சுகமாகத்தான் இருக்கிறார்.

டினோஜன்


மடம்
2 நவம்பர் 2024

தம்பி,

இது பிந்திப்போன ஒக்டோபர் கடிதம். இன்று இறந்தோர் நினைவு நாள். அம்மப்பாவுக்கும் அப்பப்பாவுக்கும் மெழுகுதிரி ஏற்றினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

மேலிருந்து மூன்றாவது பிறேக்கரைப் பெருவிரலால் அமத்திப் பிடிக்க வேண்டிய வீடுகள் மொன்றியலில் எத்தனை இருக்கும்? நான் தலைமயிர் உலர்த்தும்போதெல்லாம் விழுந்தது அதுதான். என் பெருவிரலுக்கு அதைத் தெரியும்.

டினோ, நீ நிற்பது எங்கள் வீட்டு முன்னாலா?

அந்த அதிகம் கதைக்காத நல்ல மனிதர் அப்பாவா?

ஒரு மனிதன் தன் வீட்டை விட்டு வெளியேறி, தன் வீட்டு வாசலிலேயே ஏன் குடியிருக்கிறான்? கோபித்துக்கொண்டு கேட்கவில்லை. உண்மையாகவே அறிய வேண்டும்போல் இருக்கிறது. இரவுச் செபத்தில்கூட அதே யோசனை. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

டிசம்பர் முதல் திகதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதிலிருந்து நத்தார் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வருவதைத் திறப்பதும் இல்லை. அதற்குள் பதில் போடு.

அக்கா


பியர்பொன்ட்ஸ்
12 நவம்பர் 2024

அக்கா,

ஓம். எங்கள் வீடுதான்.

எல்லோரும் சுகம் என்று எழுதியது பொய் இல்லை. நானும் அப்பாவும் கதைப்பதில்லை. அவ்வளவுதான். ஒரே மேசையில் மூன்று பேர் சாப்பிடுவோம்.

"அக்னெஸ், அவனிட்டைச் சொல்லு, கார் லைற் எரியுது."

"அம்மா, தெரியும் எண்டு சொல்லுங்கோ."

"உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை நான் என்ன ரெலிபோன் கம்பியோ?" என்று அம்மா கேட்பா. முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அம்மா சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடத் தொடங்கினா.

அதனால் வெளியே வந்தேன். தூரப் போக அம்மா விடவில்லை. "போறதெண்டால் நான் பாக்கிற இடத்துக்குப் போ" என்றா. பார்க்கிற இடம் இதுதான்.

கல்கரியில் நிதுசன் இருக்கிறான். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். அவனுக்குத் தெரிந்த இடத்தில் வேலை இருக்கிறது, கரவனோடு வா என்கிறான். இந்தக் குளிரைக் காஸில் தாண்டிவிட்டால் எங்கேயும் தாண்டலாம். அதைப் பார்த்துவிட்டுப் போவதாக இருக்கிறேன். அதனால் காஸ்தான். வயர் இழுத்தால் அது குசினி யன்னலால் வர வேண்டும். அந்த யன்னலைத் திறக்கச் சொல்லி நான் யாரிடம் கேட்பது?

ஏன் கதைப்பதில்லை என்று கேட்பீர்கள். அது பழைய கதை.

பனி பெய்யத் தொடங்கிவிட்டது. அயலவர்கள் காருக்கு வெள்ளைப் பிளாஸ்ரிக் கூடாரம் அடித்துவிட்டார்கள். எல்லா வாசலிலும் ஒரு கரவன் நிற்பதுபோல் இருக்கிறது.

டினோஜன்


மடம்
29 நவம்பர் 2024

தம்பி,

நான் சுகம். இருமல் மருந்து அம்மாவிடம் வாங்கி வை.

ஏன் என்று கேட்டேன். பழைய கதை என்கிறாய். எவ்வளவு பழையது? நான் வீட்டை விட்டு வந்ததற்கு முன்பா, பின்பா? இதற்கு நீ எழுதும் பதிலை நத்தார் அன்றுதான் திறப்பேன்.

காஸ் என்றால் இரண்டு விடயம். மேலே ஒரு யன்னலைக் கொஞ்சம் திறந்தே வை, எவ்வளவு குளிர்ந்தாலும். அலாரம் ஒன்று வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வை. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. நீ படித்தவன், தெரியும். ஆனால் குளிரில் விறைத்திருப்பவனுக்குப் படிப்பு ஞாபகம் வராது.

அப்பாவுக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வழக்கம்போல்.

அக்கா


பியர்பொன்ட்ஸ்
10 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீங்கள் நத்தாருக்குத்தான் வாசிப்பீர்கள். மூடிய பெட்டிக்குள் கதைப்பதுபோல் இருக்கிறது. அது பிடித்தும் இருக்கிறது.

அலாரம் வாங்கிவிட்டேன். யன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு நாள் ரேப் ஒட்டி மூடினேன், அலாரம் கத்தியது, எடுத்துவிட்டேன். திட்டாதீர்கள்.

சிலிண்டரைக் கவனிக்கிறேன். குளிரில் அதன் வெளிப்புறத்தில் வெண்பனி பூக்கிறது. முழுவதும் இல்லை, ஒரு கோடு வரை. கோட்டுக்குக் கீழே திரவம், மேலே வாயு. உள்ளே இருப்பதை வெளியே வரைந்து காட்டுகிறது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு கோடு இருந்தால்.

குளிர் கூடக்கூட நெருப்புச் சிறுக்கிறது. சிலிண்டரில் காஸ் நிறைய இருக்கும், ஆனால் மேலே எழும்பி வர மனமில்லாமல் கிடக்கும்.

யாரோ காலையில் சிலிண்டர்களின் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். காலடி பெரியது. அம்மாவுடையது அல்ல.

உங்கள் கேள்விக்குப் பதில்: பின்பு.

டினோஜன்


பியர்பொன்ட்ஸ்
20 டிசம்பர் 2024

என் அன்பு மகள் றொசானாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். மடத்தில் உனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்களாம். ஞானஸ்நானத்தில் நான் வைத்த பெயரில்தான் எழுதுவேன். என் பிரஷருக்கு மருந்து மாற்றித் தந்திருக்கிறார்கள், பரவாயில்லை. தம்பி நலமாக இருக்கிறான். இடது புருவம் மட்டும் பொசுங்கிவிட்டது. பயப்படாதே, முழுவதையும் வாசி.

புதன்கிழமை காலை மைனஸ் இருபத்தாறு. அப்பா வேலைக்குப் போக வெளிக்கிட்டவர், கரவனைப் பார்த்தார். சிலிண்டர் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. காஸ் முடியப்போகிறது, பிள்ளை விறைத்துவிடுவான் என்று நினைத்துவிட்டார். ஊரில் முடியும் சிலிண்டரை என்ன செய்வோம்? சரித்துப் படுக்க வைப்போம், அடியில் கிடப்பது வரும். அதையே செய்தார். வாரை அவிழ்த்து, பனியில் மெதுவாகக் கிடத்தினார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். தடுக்கவில்லை. எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. டவுன்டவுனில் அவர் சமைக்கும் உணவகத்தில் காஸ் சுவருக்குள்ளால் வரும். இந்த நாட்டுச் சிலிண்டரை அவர் தொட்டதே இல்லை.

உள்ளே தம்பி தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறான். சரித்த சிலிண்டரிலிருந்து வாயு வராமல் திரவமே வந்துவிட்டதாம். நெருப்புக் கூரை வரை எழும்பி யன்னல் சீலை பற்றிவிட்டது. ஈரத் துவாயால் அடித்து நூர்த்துவிட்டு, சப்பாத்துக்கூட இல்லாமல் வெறும் மேசோடு பனிக்குள் ஓடி வந்தான். அலாரம் கத்திக்கொண்டே இருந்தது.

"ஆர் இதைச் சரிச்சது?"

"காஸ் முடியுது எண்டு நினைச்சன்."

"முடியேல்லை அப்பா. நேற்றுத்தான் நிரப்பினனான்."

"ஊரிலை எல்லாரும் சரிக்கிறதுதானே."

"இது ஊரில்லை!"

"அது எனக்குத் தெரியாதோ? பிள்ளையளைக் குடுக்கத்தானே இஞ்சை வந்தனான்."

எதிர்வீட்டு விமலநாதன் அண்ணை கதவைத் திறந்து, "என்ன யோசெப், புதுவருசம் வந்திட்டுதோ, வாணம் விடுறியள்?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரை முறைத்தார்கள். அந்த ஒரு விடயத்தில் ஒற்றுமை.

"உள்ளை வா" என்றார் அப்பா. அவன் "வேண்டாம்" என்றான். உள்ளே வரவில்லை. இருக்கும் உடுப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அங்கேயே கிடக்கிறான். புதுவருடம் கழியக் கல்கரிக்குப் போகிறானாம். கரவனையும் கொண்டு.

நீ கேட்டாயாம் ஏன் என்று. அவன் சொல்லமாட்டான், நான் சொல்கிறேன். நீ ஒரு மாதத் தியானத்துக்குப் போகிறாய் என்றுதான் அப்பா நினைத்திருந்தார். நீ வரமாட்டாய் என்பது தம்பிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். உன் முதல் கடிதம் வந்த அன்று அப்பா அவனிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உனக்குத் தெரியுமோ?" அவன் "ஓம்" என்றான். அதோடு கதை நின்றது. கோயிலுக்குப் போவதும் நின்றது.

உன் கடிதங்களை அவர் தொடுவதில்லை. நான் குசினியில் நின்று சத்தமாக வாசிப்பேன். அவர் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பார். தண்ணீர்க் குழாயை மட்டும் மூடிவிடுவார்.

நீ எழுது மகள். நீ எழுதினால் கேட்பார்.

அம்மா


மடம்
26 டிசம்பர் 2024

என் அன்பு அப்பாவுக்கு,

பிறந்த பாலன் உங்களுக்குச் சமாதானம் தரட்டும். நேற்றுப் பூசை முடிந்து ஒரு மாதக் கடிதங்களை ஒன்றாகத் தந்தார்கள். உங்கள் கைகளுக்கு ஒன்றும் நடக்கவில்லையே? அம்மா அதை எழுதவில்லை.

இவ்வளவு காலமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினேன். அதற்கு உங்களிடம் பதில் இல்லை என்று இப்போது விளங்குகிறது. ஆகவே பதில் உள்ள ஒன்றைக் கேட்கிறேன்.

ஒரு கரவன் வாசலில் நிற்கிறது. அதற்குள் ஹீற்றரும் கேத்திலும் ஒரே நேரத்தில் போட வேண்டும். பிறேக்கர் விழக்கூடாது, வயர் சூடாகக்கூடாது. வீட்டிலிருந்து கரண்ட் கொடுக்க முடியுமா? முடியுமென்றால் எப்படி? அறிய ஆசையாக இருக்கிறது. நீங்கள் அறிந்து எழுதுங்கள்.

இன்னொன்று கேள்வி இல்லை. தம்பி என்னைக் கொண்டுபோகவில்லை. நான் போனேன், அவன் கார் ஓட்டினான். உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் என் சூட்கேசின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். உங்களை இறக்கிவிட்டு என்னால் போயிருக்க முடியாது. அதனால்தான் சொல்லவில்லை.

மகள்
றொசானா


மடம்
26 டிசம்பர் 2024

தம்பி,

புருவம் வளரும். தேங்காயெண்ணெய் பூசு.

அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் வரும் வரை போகாதே. கட்டளை இல்லை. என்ன எழுதுவார் என்று பார்க்க எனக்கு ஆவல். உனக்கு இல்லையா?

அக்கா


பியர்பொன்ட்ஸ்
12 ஜனவரி 2025

மகள் றொசானாவுக்கு,

என் கைகளுக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் பிரஷர் இறங்கியிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். வீட்டிலிருந்து கரண்ட் கொடுக்கலாம். ஆனால் கடையில் வாங்கும் நீட்டு வயரால் கொடுக்கக்கூடாது. அது மெல்லியது, சூடாகும். கரவனுக்கென்று தனி பிறேக்கர் வேண்டும், முப்பது அம்பியர். தடித்த வயர் சுவருக்குள்ளால் போய், வெளிச்சுவரில் மூடி போட்ட பிளக்கில் முடிய வேண்டும். அதை நாங்கள் செய்ய முடியாது, லைசன்ஸ் உள்ளவர் செய்ய வேண்டும். கோயில் பாட்டுக்குழுவில் இருக்கும் றெக்ஸ் எலெக்ரீசியன். அவரைக் கூப்பிட்டேன். நான் கோயில் பக்கம் போகாததைப் பற்றி அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

சனிக்கிழமை வேலை நடந்தது. றெக்ஸ் நிலக்கீழ் அறையில் சுவரைத் துளைத்தார். பிறேக்கர் பெட்டியடியில் அவர் நிற்க, வயரைத் தள்ள ஓர் ஆள், வெளியே இழுக்க ஓர் ஆள் வேண்டும். நான் வெளியே நின்றேன். டினோஜன் தானாக உள்ளே இறங்கிப் போனான்.

"வருதோ?" என்று துளையால் கேட்டான்.

"வருது, இன்னும் விடு."

"இவ்வளவு காணுமோ?"

"காணாது."

அவ்வளவுதான் கதைத்தோம். வயர் நீளமானது.

இப்போது சூட்டுக்குக் கரண்ட். சமையலுக்குக் காஸை வைத்திருக்கிறான், தன் விருப்பம் என்கிறான். சிலிண்டர் நிமிர்ந்துதான் நிற்கிறது. அதை நான் இனித் தொடமாட்டேன். வெள்ளை பூப்பது எதனால் என்று விளங்கப்படுத்தினான். கேட்டுக்கொண்டேன்.

கல்கரியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. பிளக்கைத் திருப்பி இழுத்தால் கழன்றுவிடும். அதற்குப் பூட்டு வைக்கச் சொல்லவில்லை.

நீ கடைசியில் எழுதிய தாளை அம்மாவிடம் வாசிக்கக் கொடுக்கவில்லை. வாசித்தேன். நானே வாசித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். குசினியில் வேலை என்று அம்மா வாசிக்கக் கேட்டேன். எத்தனை பேருக்குச் சமைக்கிறாய்? சிலிண்டர் உள்ளே நிற்கிறதா, வெளியேயா? புகை போக வழி இருக்கிறதா? நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது அந்த நீள உடுப்பை என்ன செய்கிறாய்? தவக்காலத்தில் எழுத விடமாட்டார்களாம். அதற்கு முதல் எழுது. படம் கீறி அனுப்பு, அடுப்பு எங்கே, கதவு எங்கே, நீ எங்கே நிற்கிறாய் என்று.

அப்பா